சைக்கிள் ரேடியோவில் வந்த இரண்டு பெயர்கள்

மகன்,

முதலில் கேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மற்றது எதுவும் எழுத வராது. உங்கள் கலியாண ரிசப்ஷனை முழுக்க முழுக்கத் தொண்ணூறுகள் மாதிரிச் செய்யப் போவதாகவும், கசட் வடிவத்தில் கேக் வெட்டப் போவதாகவும் சொன்னாய். வெட்டுங்கள், நல்லாயிருக்கும். ஆனால் நீயும் நிலானியும் ஃபோனில் பார்த்து வைத்திருக்கிற தொண்ணூறுகள் வேறு ஊர்க்காரருடையது. வண்ண விளக்கு, பெரிய பெரிய ஸ்பீக்கர், கசட் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடுகிற பொடியன்கள். ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில், எங்களுக்கு வாய்த்த தொண்ணூறுகளில் கரண்டே கிடையாது. மண்டபத்தில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள், அதுதான் சரியான அலங்காரம். அந்தச் சைக்கிளைப் பற்றி நினைத்தாலே இந்த வயதிலும் எனக்குக் கைகால் ஓரிடத்தில் நிற்பதில்லை. பத்து நாளாக நீ எடுக்கிற போதெல்லாம் ஓம், இல்லை என்று மட்டும் பதில் சொல்கிறேன் என்று கோபித்துக்கொண்டாயே, அதற்கான காரணமும் அந்தச் சைக்கிள்தான். எல்லாவற்றையும் எழுதுகிறேன். பொறுமையாக இருந்து வாசி. வாசித்துவிட்டு நிலானியிடமும் கொடு.

சைக்கிளைச் சீற்றிலும் ஹாண்டிலிலும் நிற்கிற மாதிரிக் கவிழ்த்து வைப்போம். பின் சில்லில் டைனமோவை உரசவிட்டு, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். பெடலைக் கையால் சுற்றினால் ரேடியோ பாடும், நிறுத்தினால் நின்றுவிடும். ஏன் இந்தக் கூத்து என்றால், ஆற்றைக் கடந்து எங்கள் பக்கம் பற்றரி கொண்டுவர விடமாட்டார்கள். ஆமிக்காரரின் சென்றியில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். டோர்ச் பற்றரி ஒன்று அகப்பட்டாலும் ஆயிரம் கேள்வி. அதனால் ரேடியோ கேட்க வேண்டுமென்றால் யாராவது கை நோக வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒருத்தர் என்பது சட்டம். விளம்பரம் வந்தால் சுற்றுகிறவர் கையை விட்டுவிடுவார், வீணாக எதற்குச் சுற்ற வேண்டும் என்று. விளம்பரம் முடிந்திருக்கும் என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு மறுபடி சுற்றினால், பாட்டு ஏற்கனவே தொடங்கியிருக்கும். அந்தக் காலத்துப் பாட்டுகள் எத்தனையோ எனக்கு மனப்பாடம், ஆனால் பாதிப் பாட்டுக்கு முதல் அடி தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது. காரில் போகும்போது இரண்டு பேரும் இரண்டாவது அடியிலிருந்து பாடத் தொடங்குகிறோம் என்று நீ சிரிப்பாய், இப்போது விளங்குகிறதா?

எல்லாம் இல்லை என்கிற காலத்தில் எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டோம், மகன். கோயில் திருவிழாவில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒன்றை வாங்கி, ஒவ்வொருத்தியும் ஒரு கிழமை வைத்திருந்து கொப்பியில் எழுதி எடுப்போம். நடிகைகளின் படத்தைப் பேப்பரில் வெட்டி, கொப்பி உறைக்கு உள்பக்கம் ஒட்டுவோம். வெளிப்பக்கம் ஒட்டினால் அண்ணன்மார் கிழித்துவிடுவார்கள். படம் பார்க்காமலே படத்தில் வந்த சட்டையின் கை எத்தனை சுருக்கு என்று எங்களுக்குத் தெரியும். வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டுக்குப் போன பெண்கள் முதல் நாள் கேட்ட ரேடியோ நாடகத்தில் மாமியார் செய்தது சரியா பிழையா என்று சண்டை பிடித்து, ஒரு வரவை வயலையே வெட்டி முடித்தார்கள். வெடிச் சத்தம் கேட்கும், ஊரடங்குச் சட்டம் போடுவார்கள், காணாமல் போனவர்களைத் தேடி ஆட்கள் அலைவார்கள். அதெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான் நான் இரட்டைப் பின்னலை விட்டு ஒற்றைப் பின்னலுக்கு மாறுவதா என்று இரண்டு மாதம் யோசித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவும் இல்லை. பதினெட்டு வயது, அது தன் வேலையைச் செய்தது.

ரேடியோ இருந்தது சீலன் வீட்டில். யார் அந்தச் சீலன் என்று நீ கேட்பாய், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. உன் அப்பாவின் உயிர்ச் சிநேகிதன். பக்கத்துப் பக்கத்து வளவு. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய், ஒரே வரம்பில் இருந்து சாப்பிட்டு, ஒரே சேர்ட்டை மாறி மாறிப் போட்டவர்கள். டைனமோவின் கரண்டை அப்படியே கொடுத்தால் ரேடியோ கரகரக்கும் என்று, எங்கிருந்தோ ஒரு டயோட் கண்டுபிடித்து ஈயத்தால் பற்றவைத்துப் பொருத்தியது சீலன். பெடலுக்குக் கைபிடி போட்டுச் சுற்றுவதைச் சுகமாக்கியது உன் அப்பா. சீலனுக்கு இன்னொரு கெட்டித்தனமும் இருந்தது. அவர் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதனால் ரேடியோவில் பாட்டுக் கேட்டுத் தபாலட்டை போடுவதென்றால் முழு ஊரும் அவரிடம்தான் வரும். அவர் வீட்டு மாமரத்துக்குக் கீழே சனிக்கிழமை மத்தியானம் விருப்பப் பாடல் நிகழ்ச்சி கேட்க முப்பது பேராவது கூடுவோம்.

அந்தத் தபாலட்டைக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் ஊர்ப் பெயர், பிறகு அப்பா, அம்மா, மாமா, மாமி, அண்ணன்மார். பெண்பிள்ளைகளின் பெயர் வரலாம், ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வால் மாதிரிக் கடைசியில் வரவேண்டும். பெண்ணொருத்தியின் பெயர் தனியாக வந்தால் கூடாது. யாரோ ஒரு ஆண்பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வந்தால் அவ்வளவுதான், ஊர் கலியாணமே பேசி முடித்துவிடும். சீலன் இந்த ஒழுங்கைக் கவனமாகப் பார்த்துத்தான் எழுதுவார். "உன்ட பேர் கடைசியிலதான் கா வரும், வாசிக்கிறவர் களைச்சிப்போனா விட்டிருவார்" என்று என்னைப் பகிடி பண்ணுவார். உண்மையில் அப்படித்தான் நடந்தது. எத்தனையோ அட்டை போட்டும் என் பெயருக்கு முன்னாலேயே "மற்றும் குடும்பத்தினர்" என்று முடித்துவிடுவார்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எனக்கு உன் அப்பாவைப் பிடித்திருந்தது. அவருக்கு நான் ஒருத்தி உலகத்தில் இருப்பதே தெரியாது. மாமரத்துக்குக் கீழே அவர் பெடல் சுற்றும்போது, நான் அம்மாவுக்குப் பின்னால் இருந்துகொண்டு அவர் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் சுற்றுகிற பாட்டு ஒருநாளும் சிணுங்காது, ஒரே சீராக வரும். ஒருநாள், உயர்தரம் படிக்க அக்கரைக்குப் போய்வருகிற காலத்தில், நானே ஒரு தபாலட்டை வாங்கினேன். ஊர்ப் பெயர் எழுதினேன். தவம் என்று அவர் பெயரை எழுதினேன். பக்கத்தில் என் பெயரை எழுதினேன். வேறு ஒருவர் பெயரும் எழுதவில்லை. பாட்டு எது என்று கேட்காதே, அதைச் சொல்லமாட்டேன். எழுத்துத் தெரியக்கூடாதென்று இடது கையால் எழுதினேன். என்ன நினைத்துக்கொண்டு போட்டாய் என்று கேட்டால், வாசிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். வாசித்தால் எப்படி இருக்கும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்கலாம் மகன், அந்த வயதில் அது சுலபம்.

அந்தச் சனிக்கிழமை சுற்றிக்கொண்டிருந்தது சீலன். உன் அப்பா மரத்தில் சாய்ந்து நின்றார். என் பெரியண்ணன் அன்றைக்கென்று பார்த்து வந்திருந்தார். அறிவிப்பாளர் ஒவ்வொரு ஊராக வாசித்துக்கொண்டே வந்து, "மண்டூரிலிருந்து" என்றார். எல்லோரும் நிமிர்ந்தோம். எங்கள் ஊர்ப் பெயர் ரேடியோவில் வருவதே ஒரு பெருநாள். "தவம்" என்றார். சிறுவர்கள் கூவினார்கள். அடுத்து என் பெயரைச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம், "ஆகிய இருவரும் விரும்பிக் கேட்கும் பாடல்" என்று அழகாக இழுத்தும் சொன்னார். அந்த "இருவரும்" நான் எழுதியது இல்லை, அது அந்த மனிதர் தன் பங்குக்குச் சேர்த்தது. சீலன் பெடலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரேடியோ நின்றுவிட்டது. முப்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உனக்கு உண்மையைச் சொல்வதென்றால், பயத்துக்கு முன்னால் ஒரு வினாடி, ஒரே ஒரு வினாடி, எனக்கு வந்தது தாங்கமுடியாத சந்தோஷம். பிறகுதான் அண்ணன் எழும்பியதைப் பார்த்தேன்.

அண்ணன் எல்லோருக்கும் முன்னால் உன் அப்பாவின் கன்னத்தில் அறைந்தார். அப்பா தான் எழுதவில்லை என்றார். அப்படியென்றால் யார் எழுதியது? ஊரில் அட்டை எழுதுகிறவர் ஒருவர்தான், சிரித்தவரும் அவர்தான். "டேய் சீலன், நீ பகிடிக்கு எழுதிப்போட்டு இப்ப சும்மா நிக்கிறியா?" என்று அப்பா கேட்டார். சீலனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் எழுதல்ல. அவள்ட பேரோட வந்தது உன்ட பேர். நீயே எழுதிப்போட்டு அடி விழுந்த உடன என்ட தலையில போடுறியா?" என்று திருப்பிக் கேட்டார். ஒரு பெண்பிள்ளை எழுதியிருப்பாள் என்று அந்த முப்பது பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அந்த வயதில் எனக்கு அதில்கூட ஒரு சின்ன மனத்தாங்கல் இருந்தது, நம்புவாயா?

பேச்சு முற்றிக் கடைசியில் அண்ணன் சொன்னார், "ரெண்டு பேரும் முருகன்ட சந்நிதியில வந்து கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுங்க. பொய் சொல்றவனை அவர் பார்த்துக்கொள்ளுவார்." நம் ஊரில் அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை என்பது உனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஊரே போனது. முதலில் உன் அப்பா எரிகிற கற்பூரத்தில் கையால் அடித்து, தான் எழுதவில்லை என்றார். பிறகு சீலன் அதேபோல அடித்து, தான் எழுதவில்லை என்றார். இரண்டு பேரும் உண்மை சொன்னார்கள், மகன். அதைத் தெரிந்த ஒரே ஆள் நான், அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். ஒரு எட்டு முன்னால் வைத்து "நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் போயிருக்கும்? வாய் வரவில்லை. அண்ணனின் கைக்குப் பயம், அம்மா அழுவார் என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே, உன் அப்பா என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று பயம்.

இரண்டு பேர் சத்தியம் பண்ணினால் அதில் ஒருவர் பொய்யன் என்று ஊர் கணக்குப் போட்டது. அடி வாங்கியவர் உன் அப்பா, அதனால் இரக்கம் அவர் பக்கம் போனது. சீலன் பொய்ச்சத்தியக்காரன் ஆனார். மாமரத்துக்குக் கீழே வருகிற ஆட்கள் குறைந்தார்கள், பிறகு ஒருவரும் வரவில்லை. ஒரு வருடத்துக்குள் அவர் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கரைக்குக் குடிபோனார். எனக்கு நடந்ததைக் கேள். பெயர் அடிபட்ட பிள்ளைக்கு வேறு இடத்தில் கலியாணம் பேச முடியாது என்று, மூன்று வருடம் கழித்து அண்ணனே போய் உன் அப்பாவைக் கேட்டார். நான் ஆசைப்பட்டவரையே எனக்குக் கட்டிவைத்தார்கள்! கலியாணத்தன்று நான் சிரித்த சிரிப்பு இன்னும் அந்தப் படத்தில் இருக்கிறது, நீயும் பார்த்திருக்கிறாய். கலியாணம் முடிந்த முதல் வருடம் முழுக்க உன் அப்பா சனிக்கிழமைகளில் வரம்பில் தனியாகப் போய் இருப்பார். ஏன் என்று எனக்குத் தெரியும். சொல்லலாம் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் கழியட்டும் என்று நினைத்தேன். பிறகு நீ பிறந்தாய், அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இதையும் எழுதிவிட வேண்டும். உனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது சீலனின் மனைவி நோயில் இறந்தார். நாங்கள் போகவில்லை. அடுத்த நாள் கோயிலடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். "முருகன்ட முன்னுக்குப் பொய்ச்சத்தியம் பண்ணினா சும்மா விடுவாரா கா?" என்றாள் ஒருத்தி. எனக்குக் கேட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து சோறு ஆக்கினேன், உனக்கு ஊட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய பிழை அந்தத் தபாலட்டை என்று இவ்வளவு காலமும் நினைத்தேன். இப்போது எழுதிப் பார்க்கும்போது, அந்தச் சோறுதான் அதைவிடப் பெரிய பிழை. அட்டை போட்டபோது எனக்குப் பதினெட்டு, சோறு ஆக்கியபோது எனக்கு முப்பது.

பத்து நாளுக்கு முன் நீ சந்தோஷமாகக் கேட்டாய், "அம்மா, அந்தச் சைக்கிள் ரேடியோ ஆர்ட வீட்டில இருந்த? அந்த ஆளையும் மேடைக்குக் கூப்பிடுவம்." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அப்பாவும் கேட்டார். "அது ஆரோ ஒருத்தன்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். ஆரோ ஒருத்தன்! ஒரே சேர்ட்டைப் போட்டவன். அதோடு கலியாணம் சொல்லப் போகிற வேலையும் தொடங்கிவிட்டது. அட்டை அச்சடித்து அனுப்பினால் நம் ஆட்களுக்கு அது அழைப்பே இல்லை என்பது உனக்குத் தெரியும்தானே. புருஷனும் மனைவியும் சேர்ந்து வீட்டுக்குப் போய், வெற்றிலை வைத்து, வாயால் சொல்ல வேண்டும். சீலனுக்குச் சொல்ல வேண்டுமென்றால் நான் தனியாகப் போக முடியாது, அப்பா வரவேண்டும். அப்பா வரவேண்டுமென்றால் அப்பாவுக்குத் தெரியவேண்டும். வேறு வழி எனக்கு விடப்படவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

அடுத்த நாள் காலை, பிளேன்ரீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "அந்த அட்டையை எழுதினது நான்" என்றேன். அவர் தேநீரைக் கீழே வைத்தார். என்னை ஏன் விரும்பினாய், எப்போதிருந்து என்றெல்லாம் கேட்பார் என்று உன் பைத்தியக்கார அம்மா உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப சீலன் பண்ணின சத்தியம் உண்மையா?" ஓம் என்றேன். எழும்பி வட்டைக்குப் போய்விட்டார். அடுத்த ஐந்து நாளும் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அந்த நாட்களில்தான் நீ எடுத்தாய், நான் ஓம், இல்லை என்றேன். ஆறாம் நாள் காலை வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, "வெற்றிலையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடு" என்றார்.

பாதையில் ஆற்றைக் கடந்தோம். பாதை என்றால் நிலானிக்கு விளங்காது, ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை என்று சொல்லிக் கொடு. சீலன் வீட்டு முன்பக்கத்தில் ஃபேனும் ஃபோனும் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. எங்களைக் கண்டதும் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வைக்கவும் இல்லை, எழும்பவும் இல்லை. அப்பா வழி நெடுக என்னென்னவோ முணுமுணுத்துப் பழகிக்கொண்டு வந்தவர், எல்லாவற்றையும் மறந்துவிட்டு வாசலில் நின்றபடியே, "சீலன், நீ பொய்ச்சத்தியம் பண்ணல்லடா" என்றார்.

"அது எனக்குத் தெரியும்தானே" என்றார் சீலன். "உனக்கு ஆரு சொன்ன?"

"நான்தான் சொன்னன். எழுதினதும் நான்தான்" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நாங்க ரெண்டு பேரும் கற்பூரத்தில கையை வைக்கக்குள்ள நீ எங்க கா நிண்ட?" என்று கேட்டார். அம்மாவுக்குப் பின்னால் என்றேன். தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் சொன்னார். "என்ட மனுசி கடைசி நேரத்தில ஒரு நாள் என்னட்டக் கேட்டவ. 'எனக்கு மட்டும் சொல்லுங்க, நீங்க உண்மையாத்தான் சத்தியம் பண்ணினீங்களா' எண்டு. நான் ஓம் எண்டன். நம்பினாவோ என்னவோ, எனக்குத் தெரியா." அப்பா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். உன் அப்பா அழுததை நீ பார்த்ததில்லை, நானும் அதற்கு முதல் பார்த்ததில்லை. சீலன் எழும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நான் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். யாரும் என்னை இரு என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என்னட்டச் சொன்னது காணாது. நான் எழுதல்ல எண்டு எனக்கு முதலே தெரியும். கோயிலடியில நிண்டு கேட்ட ஆக்கள் கேக்கச் சொல்லு. அவங்கள்ல அரைவாசிப் பேர் இன்னும் உசிரோட இருக்காங்க." பிறகு அப்பாவைப் பார்த்து, "தவம்ட மகன்ட கலியாணத்துக்கு நான் வருவன்டா" என்றார். தவத்தின் மகன், கவனி. என் மகன் என்று அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் நீ துள்ளுவாய்! இரண்டு கிழவர்களும் கடைக்குள் போனார்கள். தேநீர் வந்தது. சீலனின் மகள் எனக்கும் ஒரு கோப்பை தந்தாள், நல்ல பிள்ளை. உள்ளே ஒரே சத்தம். அந்த டயோட்டைக் கண்டுபிடித்தது யார், ரேடியோவின் முதுகு மூடியை உடைத்தது யார், நாடகத்தில் அந்த மாமியார் கடைசியில் திருந்தினாளா இல்லையா என்று முப்பது வருடத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்த சண்டை எல்லாவற்றையும் இரண்டு மணித்தியாலத்தில் பிடித்துத் தீர்த்தார்கள். உன் கலியாண மண்டபத்தில் வைக்கிற சைக்கிள் சும்மா அலங்காரமாக இருக்கக்கூடாதாம், உண்மையாகவே ரேடியோ பாட வேண்டுமாம், இரண்டு பேருமே செய்து கொண்டுவருவார்களாம். நேற்றும் இன்றும் உன் அப்பா ஃபோனும் கையுமாகத் திரிகிறார். பழைய டைனமோ தேடி மட்டக்களப்பு முழுக்க ஆள் அனுப்பியிருக்கிறார். குளிக்கும்போது பாடுகிறார், இரண்டாவது அடியிலிருந்துதான். என்னோடும் பேசுகிறார், ஆனால் எண்ணிப் பேசுகிறார். அது சரியாக இன்னும் நாள் போகும், எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரை இப்படிப் பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

இனி நான் உன்னிடம் கேட்பது. ரிசப்ஷனில் ஒலிவாங்கியை எனக்கு ஐந்து நிமிடம் தர வேண்டும். நம் ஊர் ஆட்கள் எல்லோரும் வருவார்கள், பெரியண்ணனும் வருவார், அன்று கோயிலடியில் நின்றவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நான் எழுதினேன் என்று சொல்லப் போகிறேன். நிலானியின் ஆட்கள் பட்டணத்து ஆட்கள், மாப்பிள்ளையின் தாய் இப்படி ஒரு கதை சொல்வதை அவர்கள் எப்படி எடுப்பார்களோ தெரியாது. அதனால்தான் முதலில் இதை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். அது உங்கள் இரண்டு பேருடைய நாள். அவள் வேண்டாம் என்றால் நான் கோபிக்கமாட்டேன், திருவிழாக் கொடியேற்றத்தன்று கோயிலில் வைத்தே சொல்வேன். எங்கேயாவது சொல்வேன், அது மட்டும் நிச்சயம்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் தாய் அல்லவா, சொல்லாமல் இருக்க முடியாது. நீ பிழை விடுவாய், நிலானியும் விடுவாள். விட்ட அன்றே சொல்லிவிடுங்கள், அடுத்த நாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம். உன் பிழைக்கு இன்னொருவர் பேச்சு வாங்குவதைக் கண்டால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சீலன் மாமா வருவார். சாப்பிடுவார், அப்பாவோடு சிரிப்பார், உன் தலையில் கை வைத்து வாழ்த்துவார். நான் எல்லோருக்கும் முன்னால் சொல்லி முடித்த பிறகும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே போகலாம். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பேன், உனக்குத் தாங்காது, என்னிடம் ஓடி வரத் தோன்றும். வராதே மகன். அவருக்குப் பக்கத்தில் போய் இரு.

உன் அம்மா